தலைமடையும் கடைமடையும்: முறைநீர்ப் பகிர்வின் உகப்பாக்க மாதிரிகளில் நியாயம் என்னும் கருத்து

ஆய்வுச் சுருக்கம்

பொதுவான ஒரு வளத்தைப் பலர் காலமுறை வைத்துப் பயன்படுத்தும்போது, யாருக்கு எப்போது எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கக் கணித உகப்பாக்க மாதிரிகள் பயன்படுத்தப்படுகின்றன. இத்துறையில் ‘மேம்பாடு’ என்பது பெரும்பாலும் கணினி விடைகாணும் வேகத்தையே குறித்து வருகிறது. நியாயம் என்பதை எவ்வாறு வரையறுப்பது என்ற வினா பின்தங்கிவிடுகிறது. பஞ்சாப், அரியானா மாநிலங்களிலும் பாகிஸ்தானிலும் வழங்கும் வாராபந்தி என்னும் முறைப்பாசனத்தையும், தமிழகத்தின் பரம்பிக்குளம் ஆழியாறு, கீழ்பவானிப் பாசனங்களின் சுழற்சி முறையையும் சான்றாகக் கொண்டு, வழக்கிலுள்ள நியாய அளவுகோல்களை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச் சொற்கள்: உகப்பாக்கம், முறைநீர், வாராபந்தி, தலைமடை, கடைமடை, விகிதச் சமநியாயம், நியாயத்தின் விலை.

முன்னுரை

உகப்பாக்க மாதிரி ஒவ்வொன்றும் மூன்று உறுப்புகளால் ஆனது. எதைத் தீர்மானிக்கிறோம் என்பது மாறி. எதை மீறக்கூடாது என்பது கட்டுப்பாடு. எதைப் பெருக்க அல்லது குறைக்க விழைகிறோம் என்பது இலக்குச் சார்பு. இம்மூன்றனுள் முதலிரண்டும் பெரும்பாலும் சூழலிலிருந்து பெறப்படுகின்றன. வாய்க்காலில் ஒரு நேரத்தில் ஒருவரே நீர் எடுக்கலாம் என்பது ஒரு கட்டுப்பாடு. அதை எவரும் மறுப்பதற்கில்லை. இலக்குச் சார்பு அவ்வாறு கிடைப்பதன்று. அது மாதிரியை எழுதுபவரின் தேர்வு. எனவே ஒரு பனுவலை வாசிப்பது போல அதை வாசிக்க இடமுண்டு. எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

காலப்பகிர்வுச் சிக்கல்களில் இத்தேவை கூடுதலாகிறது. செவிலியர் பணிமுறை, தேர்வு அட்டவணை, அறுவை அரங்கப் பட்டியல் எனப் பல களங்கள் இருப்பினும், நீர்முறையே இவ்வாய்வுக்கு உகந்தது. அதில் பகிரப்படுவது நேரம். உழவருக்கு வேண்டியதோ நீர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே கடைமடை உழவரின் பழைய முறையீடு.

வாராபந்தியின் கணக்கு

வாராபந்தி என்பது முறையை நிலைப்படுத்துதல் எனப் பொருள்படும். ஒரு மதகிலிருந்து பிரியும் வாய்க்காலின் முழு நீரும் வாரத்தின் 168 மணி நேரத்தில் அவ்வாய்க்காலைச் சார்ந்த உழவர் அனைவருக்கும் முறைவைத்து வழங்கப்படுகிறது. ஒருவரது நேரம் அவரது நிலப்பரப்புக்கு நேர்விகிதத்தில் அமையும். உழவர் தமக்குள் பேசி வகுத்துக்கொள்வது ‘கச்சா’ முறை எனவும், அரசு அலுவலர் வகுத்து உறுதிசெய்வது ‘பக்கா’ முறை எனவும் வழங்கும். முறை குறித்த தகராறுகளைத் தீர்க்கும் சட்ட அடிப்படையை 1873ஆம் ஆண்டின் வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டம் வழங்கியது.

இம்முறையில் இரு திருத்தங்கள் தொடக்கத்திலிருந்தே உள்ளன. வறண்ட வாய்க்கால் நிரம்பும் வரை செலவாகும் நேரம் ‘பராய்’ எனப்படும். அது உரியவருக்குக் கூடுதலாக அளிக்கப்படும். மதகு அடைத்த பின்னும் வாய்க்காலில் எஞ்சி வடியும் நீர் கடைமடையாருக்குக் கிட்டுவதால், அதற்குரிய ‘சராய்’ நேரம் அவர் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இரவில் நீர் பாய்ச்சும் சுமை ஒருவர் மீதே விழாதிருக்க, ஆண்டுதோறும் முறை 12 மணி நேரம் நகர்த்தப்படுவதும் உண்டு. சென்ற ஆண்டு நள்ளிரவில் மண்வெட்டியுடன் நின்றவர் இவ்வாண்டு நண்பகலில் நிற்பார். உகப்பாக்கம் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே இத்தகைய நுணுக்கம் கைவரப் பெற்றிருந்தமை கருதத்தக்கது.

ஆயினும் ஒரு பெருங்குறை திருத்தப்படாமலே நின்றது. ஓடும் நீர் வழியெங்கும் கசிகிறது. தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே நேரம் அளித்தால் ஒரே அளவு நீர் சேர்வதில்லை. நிரப்பும் நேரத்துக்கு ஈடு செய்யும் வாராபந்தி, கசிவுக்கு ஈடு செய்வதில்லை. 1995இல் பன்னாட்டு நீர்ப்பாசன மேலாண்மை நிறுவனத்திற்காக பண்டாரகொடவும் ரெஹ்மானும் எழுதிய ஆய்வு, பாகிஸ்தானின் வாராபந்தியில் கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையே விரியும் இடைவெளியைத் தலைப்பிலேயே சுட்டியது.

மாதிரிகள் எதைக் குறைக்கின்றன?

முறைநீரை உகப்பாக்கச் சிக்கலாக வடித்தவருள் அன்வரும் அவருடன் எழுதிய ஆய்வாளர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். 2000களில் வெளிவந்த அவர்களது கட்டுரைகளில் வாய்க்கால் ஓர் ஒற்றை எந்திரமாகவும், உழவர் ஒவ்வொருவரின் முறையும் அதில் செய்யப்பட வேண்டிய பணியாகவும் கொள்ளப்படுகிறது. உழவர் விரும்பும் நேரத்துக்கு முன்போ பின்போ நீர் வந்தால் அது பிழை. இப்பிழைகளின் கூட்டுத்தொகையைக் குறைப்பது இலக்கு. முழுவெண் நிரலாக்கத்தால் தொடங்கிய இவ்வாய்வு, உழவர் எண்ணிக்கை பெருகும்போது விடைகாணும் நேரம் கட்டுக்கடங்காமல் போவதால் மரபுவழிப் படிமுறை போன்ற தோராய வழிகளை நாடியது.

உழவரின் விருப்ப நேரத்தை மாதிரிக்குள் கொண்டுவந்தது இவ்வாய்வுகளின் உண்மையான பங்களிப்பு. ஆனால் கூட்டுத்தொகை என்னும் இலக்கு நியாயத்தைப் பொறுத்தவரை பார்வையற்றது. 24 பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதும், 23 பேர் உரிய நேரத்தில் பெற ஒருவர் மட்டும் 24 மணி நேரம் காத்திருப்பதும் அதற்கு ஒன்றே. விடைகாணும் வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தினாலும் இந்த ஒருவரின் நிலை மாறாது. விரைவாகக் கிடைத்த அநியாயம் என்று அதைச் சொல்லலாம்.

இதை உணர்ந்து சிலர் இலக்கில் ஒரு சமத்துவக் குறியீட்டைச் சேர்க்கின்றனர். கணினி வலையமைப்புக்காக 1984இல் செயின், சியு, ஆவ் ஆகியோர் முன்வைத்த குறியீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. கினிக் கெழுவும் அவ்வாறே. இக்குறியீடுகள் என்ன காட்டுகின்றன என்பதை ஒரு சிறு கற்பனை வாய்க்காலைக் கொண்டு சோதிக்கலாம்.

மூன்று வயல்களின் சோதனை

ஒரு வாய்க்காலில் மூன்று உழவர். மூவருக்கும் சம நிலப்பரப்பு. மதகில் மணிக்கு ஓரலகு நீர் வருகிறது. கசிவு போகத் தலைமடைக்கு 0.95 பங்கும், நடுமடைக்கு 0.80 பங்கும், கடைமடைக்கு 0.65 பங்கும் சென்று சேர்கின்றன எனக் கொள்வோம். வாராபந்தி முறைப்படி ஆளுக்கு 56 மணி நேரம். வயலில் சேரும் நீர் முறையே 53.2, 44.8, 36.4 அலகுகள், மொத்தம் 134.4. கடைமடையார் பெறுவது தலைமடையார் பெறுவதில் ஏறத்தாழ 68 விழுக்காடு மட்டுமே.

இப்பகிர்வுக்கு செயின் குறியீடு 0.977. முழுச் சமத்துவம் 1 என்பதால், இது 97.7 விழுக்காடு நியாயமான பகிர்வு என்று ஓர் ஆய்வேடு எழுதக்கூடும். கினிக் கெழு 0.083, அதுவும் மிகச் சிறிய எண்ணே. மூன்றில் ஒரு பங்கு நீரை இழந்த உழவரிடம் இவ்வெண்களைக் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்பது ஊகிக்கக் கூடியதே. சராசரியிலிருந்து விலகலை அளக்கும் குறியீடுகள் விலகலின் திசையையும் இடத்தையும் மறைத்துவிடுகின்றன. கசிவு தற்செயலாக ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரைத் தாக்குவதன்று. அது எப்போதும் கடைமடையைத்தான் தாக்குகிறது.

இனி இலக்குச் சார்பை மாற்றிப் பார்க்கலாம். மொத்த நீரை மட்டும் பெருக்கினால் 168 மணி நேரமும் தலைமடைக்கே போகும், விளைவு 159.6 அலகுகள். இவ்விடை யாருக்கும் ஏற்புடையதன்று. மாறாக, மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்கைப் பெருக்கலாம். 1971இல் வெளிவந்த சான் ரால்சின் நீதிக் கோட்பாட்டோடு இவ்வளவுகோலை இணைப்பது மரபு. அப்போது மூவரும் 43.7 அலகுகள் பெறுவர். நேரம் முறையே 46.0, 54.7, 67.3 மணி. மொத்தம் 131.2.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதாகக் கருதப்படுவது விகிதச் சமநியாயம். 1950இல் சான் நாசு முன்வைத்த பேரத் தீர்வின் வழிவந்த இதனை, 1990களின் பிற்பகுதியில் பிராங்க் கெல்லி தகவல்தொடர்பு வலையமைப்புக்குப் பொருத்திக் காட்டினார். ஒவ்வொருவரின் பயனது மடக்கைகளின் கூட்டுத்தொகையைப் பெருக்குவது இதன் வழி. திறனையும் நியாயத்தையும் சமன்செய்வது எனப் பெயர்பெற்ற இவ்வளவுகோலை நம் வாய்க்காலில் இட்டால் வியப்பான விடை கிடைக்கிறது. பெருக்கற்பலனின் மடக்கை, மடக்கைகளின் கூட்டல் ஆகிவிடும். எனவே கசிவைக் குறிக்கும் எண் தனியே பிரிந்து ஒரு மாறிலியாக நின்றுவிடுகிறது. நேரத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கில்லை. ஆளுக்கு 56 மணி நேரம் என்பதே விடை. நிலப்பரப்பை எடையாகச் சேர்த்தாலும் நிலப்பரப்புக்கு விகிதமான நேரமே மீண்டும் கிட்டும். அதாவது, நீரிழப்பு நேரத்தைச் சாராத இவ்வமைப்பில் விகிதச் சமநியாயம் வாராபந்தியேதான்.

இதை வாராபந்திக்குக் கிடைத்த நற்சான்றாக வாசிக்கலாம். அளவுகோலின் மீதான குற்றச்சாட்டாகவும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பே பொருத்தமானது. கடைமடையின் முறையீடு எதைப் பற்றியதோ அதையே இவ்வளவுகோல் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. கலாய், சுமோரோடின்சுகி ஆகியோர் 1975இல் முன்வைத்த தீர்வும் இங்கு வேறுபடவில்லை. ஒவ்வொருவர் பயனையும் அவர் தனித்துப் பெறக்கூடிய உச்சப் பயனால் வகுத்துச் சமப்படுத்துவது அத்தீர்வு. வகுக்கும்போதே கசிவு எண் கழிந்துபோகிறது. ஒப்பீட்டு வசதிக்கான வகுத்தல் என்று மாதிரியாளர் கடந்துபோகும் ஒரு படியில், வழக்கின் சாரமே விழுங்கப்பட்டுவிடுகிறது.

மோ, வால்ராண்ட் ஆகியோர் 2000இல் வகுத்த ஆல்ஃபா நியாயக் குடும்பம் இவ்வளவுகோல்களை ஒரே தொடரில் நிறுத்துகிறது. ஆல்ஃபா 1 எனில் விகிதச் சமநியாயம். அது முடிவிலியை நெருங்கினால் ரால்சிய அளவுகோல். நம் எடுத்துக்காட்டில் ஆல்ஃபா 2 எனில் நீர் 48.4, 44.4, 40.0 அலகுகளாகப் பிரிகிறது. கடைமடைக்கும் தலைமடைக்கும் உள்ள விகிதம் 68 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடாக உயர்கிறது. இத்தொடரால் பயனுண்டு. ஆனால் ஆல்ஃபாவின் மதிப்பை யார் தேர்வது? கட்டுரைகளில் அது ஓர் உணர்திறன் ஆய்வு அட்டவணையாக வருகிறது. வாய்க்காலில் அது கடைமடையின் பத்து மணி நேரமாக வருகிறது.

நியாயத்தின் விலை எதனோடு ஒப்பிட்டது?

பெர்ட்சிமாசு, பாரியாசு, திரிச்சாகிசு ஆகிய மூவரும் 2011இல் ‘நியாயத்தின் விலை’ என்னும் கருத்தை வரையறுத்தனர். நியாயமான பகிர்வால் மொத்தப் பயன் எத்தனை விழுக்காடு குறைகிறது என்பதே அது. இருவர் பகிரும்போது விகிதச் சமநியாயத்தின் விலை 8.6 விழுக்காட்டையும் ரால்சிய அளவுகோலின் விலை 11.1 விழுக்காட்டையும் தாண்டாது என்றும், பங்காளர் எண்ணிக்கை கூடக்கூட இவ்வெல்லை உயரும் என்றும் அவர்கள் நிறுவினர். நூறு பேர் எனில் எல்லை முறையே 81, 96 விழுக்காடு. தேற்றம் பழுதற்றது. ஆனால் பங்காளர் அனைவரின் உச்சப் பயனும் சமம் என்பது அதன் நிபந்தனை. கசியும் வாய்க்காலில் அந்நிபந்தனை பொருந்துவதில்லை. வகுத்துப் பொருத்தினால் முன்சொன்ன கழிவு நேர்கிறது. எனவே இவ்வெல்லைகளை எடுத்தாண்டு, முறைநீரில் சமத்துவம் விலை மிக்கது என முடிவுகட்டுவது தவறாகும்.

நம் எடுத்துக்காட்டில் ரால்சியப் பகிர்வின் விலை 17.8 விழுக்காடு. இது எல்லா நீரும் தலைமடைக்கே போகும் நிலையோடு ஒப்பிட்டுக் கிடைத்த எண். 168 மணி நேரமும் ஒரே வயலில் நீர் நின்றால் பயிர் அழுகும். நடைமுறையிலுள்ள வாராபந்தியோடு ஒப்பிட்டால் மொத்த நீர் 134.4இலிருந்து 131.2ஆகக் குறைகிறது, இழப்பு 2.4 விழுக்காடு மட்டுமே. நிகழவே இயலாத ஓர் உச்சத்தை அடிப்படையாக வைத்தால் நியாயம் எப்போதும் ஆடம்பரமாகவே தோன்றும். விளைச்சல் நீருக்கு நேர்விகிதத்தில் பெருகிக்கொண்டே போவதில்லை என்ற வேளாண் உண்மையைச் சேர்த்தால், இந்த 2.4 விழுக்காடும் மறைந்து சமப்பகிர்வே கூடுதல் விளைச்சல் தரும் நிலையும் ஏற்படலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். கசிவுக்கு முழு ஈடு கொடுத்தால், வாய்க்காலின் கடைப்பகுதியைத் தூர்வாரும் அக்கறை கடைமடையாருக்குக் குறையாதா? இம்மறுப்பு வலுவானது; ஆயினும் மறுபக்கமும் உண்டு. சமநேர முறையில் கடைப்பகுதி சீர்கெட்டால் இழப்பு கடைமடைக்கு மட்டுமே. தலைமடையாருக்கு அங்கே மண்வெட்டி பிடிக்கக் காரணமே இல்லை. ரால்சியப் பகிர்வில் இழப்பும் பொதுவாகிறது. கடைமடைக்குச் சேரும் பங்கு 0.65இலிருந்து 0.75ஆக உயர்ந்தால் மூவரும் 43.7க்குப் பதில் 46.2 அலகுகள் பெறுவர். தலைமடையாருக்கும் இரண்டரை அலகு மிகுதி. குடிமராமத்து என்னும் கூட்டுழைப்பு மரபை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். பகிர்வு விதி நீரை மட்டுமன்றி உழைப்பையும் பகிர்கிறது. ஆயினும் இவ்விளைவைத் தம் இலக்கிலோ கட்டுப்பாட்டிலோ கொள்ளும் மாதிரிகள் அரிது.

காலம் என்னும் மறந்த பரிமாணம்

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் 3.77 லட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சுழற்சி முறையில் ஒரு மண்டலத்துக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை நீர். கீழ்பவானிப் பாசனத்தின் 2.07 லட்சம் ஏக்கரும் ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுகள் என இருபாதியாகப் பிரிந்து நஞ்சைக்கும் புன்செய்க்கும் மாறிமாறி நீர் பெறுகின்றன. ஒரு பருவத்தை மட்டும் எடுத்து நியாயக் குறியீடு கணித்தால் பரம்பிக்குளம் ஆழியாற்றின் பகிர்வு மிக மோசமான மதிப்பைப் பெறும். நான்கில் மூன்று பங்கு நிலத்துக்கு நீரே இல்லை. அதே பருவத்தில் ரால்சிய அளவுகோலைத் திணித்தால், உள்ள நீர் நான்கு மண்டலங்களிலும் மெல்லிதாகப் பரவி எங்கும் பயிர் கரைசேராமல் போகும். நியாயம் இங்கு ஒரு பருவத்தில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது.

சுழற்சியோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீர் வரும் என்ற எதிர்பார்ப்பில் நிற்பது. ஒரு மண்டலத்தின் முறை வறட்சியாண்டில் விழுந்தால், அடுத்த சுழற்சி அதை நினைவில் கொள்ள வேண்டாமா? மாதிரியாக்கத்தில் இது கடினமன்று. ஒவ்வொருவருக்கும் சேரவேண்டியதற்கும் சேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கடன் கணக்காக வைத்து, அடுத்த முறையைத் தீர்மானிக்கும்போது அக்கடனை எடையாகச் சேர்க்கலாம். வாராபந்தியின் 12 மணி நேர நகர்வு இதன் எளிய வடிவமே. கணினி வேகத்தை உயர்த்துவதைக் காட்டிலும் இந்த ஒரு மாறியைச் சேர்ப்பது பெரிய மேம்பாடாக அமையும்.

சரிபார்க்கக் கூடிய விடை

வாராபந்தியின் ஒரு சிறப்பை உகப்பாக்க ஆய்வுகள் போதிய அளவு மதிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் ஒரு கடிகாரத்தைக் கொண்டு தம் உரிமையைச் சரிபார்க்கலாம். முன்னவர் அடைக்க மறுத்தால் ஊரறியக் கேட்கலாம். ஆயிரக்கணக்கான மாறிகளைக் கொண்ட மாதிரி தரும் அட்டவணைக்கு இவ்வியல்பு இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2017 டிசம்பரில் நிகழ்ந்ததை இதற்கு ஒப்பிடலாம். பொதுப்பள்ளிகளின் தொடக்க நேரத்தை மாற்றும் திட்டம் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் உகப்பாக்க மாதிரியைக் கொண்டு வகுக்கப்பட்டது. பதின்பருவத்தினர் தாமதமாகத் தொடங்கலாம், பேருந்துச் செலவு குறையும், வாய்ப்புகள் சமமாகப் பரவும் என்பன அதன் நோக்கங்கள். பெற்றோர் எதிர்ப்பால் அதே மாதம் அது கைவிடப்பட்டது. நியாயத்தின் விலையை வரையறுத்த மூவருள் ஒருவரான பெர்ட்சிமாசே இம்மாதிரியை உருவாக்கியவருள்ளும் ஒருவர். எதிர்த்தவரில் பழைய அட்டவணையால் பயன்பெற்றவரும் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் தம் குழந்தையின் பள்ளிக்கு ஏன் இந்த நேரம் என்று கேட்ட பெற்றோருக்கு, அது மொத்தத்தின் உகப்பு என்பதற்குமேல் சொல்ல மாதிரியிடம் எளிய விடை இல்லை.

மூன்று வயல்களுக்குத் திரும்பினால், ரால்சியப் பகிர்வை அரைமணிக்கு முழுமையாக்கி 46, 54½, 67½ மணி என வைக்கலாம். வயலில் சேரும் நீர் 43.7, 43.6, 43.9. வேறுபாடு மூன்று பதின்மக் கூறு மட்டுமே. கசிவு எண்ணை அளப்பதில் நேரும் பிழை இதைவிடப் பெரிது. எனவே இறுதி உகப்பு நிறுவப்படும் வரை கணினியை ஓடவிடுவதில் பொருளில்லை. விவாதிக்க வேண்டியது கசிவு எண் 0.65 என்பதை யார், எந்தப் பருவத்தில், யார் முன்னிலையில் அளந்தார் என்பதே. தலைமடையார் பத்து மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது அந்த எண்ணை நம்பித்தான். அளவீட்டின்போது அவரும் வாய்க்கால் கரையில் நின்றிருக்க வேண்டும். சிமெண்டுப் பூச்சோ தூர்வாரலோ நடந்தபின் மீண்டும் அளக்கப்பட வேண்டும். பராய் நேரத்தைப் போல, கசிவு ஈடும் உழவர் பெயருக்கு எதிரே ஒரு தனிப் பத்தியாக முறைப்பட்டியலில் எழுதப்பட வேண்டும்.